டியூஷனா, சேர்ந்து படிப்பதா, வீட்டிலேயே வினாத்தாளா? தள்ளிப்போடும் பிள்ளைக்கு எந்த வழி

மஞ்சள் வெட்டுக்கு ஆள் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் அண்ணன் போன் செய்தார். "ஏன் அம்மிணி, பையன் அரையாண்டுப் பரீட்சையில கணக்குல 90க்கு 24தான் வாங்கியிருக்கிறான். டியூஷன்ல சேத்தி உட்றலாமா?" கவுந்தப்பாடிப் பக்கம் தோட்டத்தில் குடியிருக்கிறார்கள். பையன் பன்னிரண்டாம் வகுப்பு, தமிழ் வழி. பத்தாவதில் கணக்கில் 88 எடுத்தவன். நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் 19 வருடமாகக் கணக்கு எடுக்கிறேன் என்பதால் என்னிடம் கேட்டார். எனக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை நேரில் வருகிறேன் என்று சொல்லி வைத்தேன்.

போய்ப் பார்த்தேன். தோட்டத்துச் சாளை வீட்டில் அவன் மேசை மேல் ஐந்து கணக்கு நோட்டுகள் இருந்தன. ஒவ்வொன்றையும் புரட்டினேன். முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, தேதி, அதற்குக் கீழே சிவப்பு மையில் 'அணிகள் மற்றும் அணிக்கோவைகளின் பயன்பாடுகள்' என்று தலைப்பு. ஐந்தாறு பக்கம் அச்சடித்தது போல எழுத்து. அதற்கப்புறம் வெறும் தாள். ஜூனில் ஒரு நோட்டு, ஆகஸ்டில் ஒன்று, காலாண்டு முடிந்ததும் ஒன்று, தீபாவளி கழிந்து ஒன்று, டிசம்பரில் ஒன்று. ஐந்துமே அணிகள்தான். இரண்டாவது பாடமான கலப்பு எண்கள் ஒரு நோட்டில்கூட இல்லை. சுவரில் நான்கு வண்ணத்தில் ஒரு கால அட்டவணை. அதுவும் மூன்றாவது அட்டவணையாம்.

அண்ணன் தோட்டத்துக்குப் போனதும் அவனிடம் பேசினேன். "கலப்பு எண்ணைத் தொறந்தாவே வயித்துக்குள்ள என்னமோ பண்ணுதுங்க அத்தை. சித்த நேரம் போன் பாத்துட்டு வரலாம்னு எந்திரிச்சர்றேன். அப்புறம் பாத்தா மணி பத்தாயிருது. செரி, நாளைக்கு வெடியால மொதல்ல இருந்து புதுசா ஆரம்பிச்சுக்கலாம்னு படுத்துர்றனுங்க." இதைச் சொல்லும்போது என் முகத்தை அவன் பார்க்கவில்லை.

அண்ணன் அவனைச் சோம்பேறி என்கிறார். எனக்கு அது சரியாகப் படவில்லை. காலை ஐந்து மணிக்கு எழுந்து பால் கறக்கும் இடத்தில் கூட நிற்கிறான், மோட்டார் எடுத்துவிடுகிறான், லீவு நாளில் கரும்புக்குத் தண்ணீர் கட்டுகிறான். சோம்பேறிப் பையன் ஒரே பாடத்தை ஐந்து முறை அழகாக எழுதிக்கொண்டிருக்க மாட்டான். அவன் ஓடுவது வேலையைப் பார்த்து அல்ல, அந்த வயிற்றுக் கலக்கத்தைப் பார்த்து. தள்ளிப்போடுவதைப் பல வருடம் ஆராய்ந்த ஃபுஷியா சிரோய், டிமதி பிச்சில் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 2013இல் எழுதிய கட்டுரையின் சாரமும் இதுதான்: தள்ளிப்போடுகிறவர் நேரத்தை நிர்வகிக்கத் தெரியாதவர் என்பதைவிட, அந்த நேரத்து மனக்கஷ்டத்திலிருந்து தப்பிக்கப் பார்க்கிறவர். புத்தகத்தை மூடியதும் மனது லேசாகிறது. அந்த லேசுதான் மறுநாளும் மூட வைக்கிறது. இது தெரியாமல் நானே பல வருடம் இப்படிப்பட்ட பிள்ளைகளை வகுப்பில் எழுப்பி நிற்க வைத்திருக்கிறேன். இப்போது நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

அதனால் எந்த வழி நல்லது என்று ஒப்பிடும்போது, எத்தனை மணி நேரம் படிக்க வைக்கும் என்று நான் பார்க்கவில்லை. விடை தெரியாத ஒரு கேள்வியை, புத்தகத்தை மூடிவைத்து, தனியாக, எவ்வளவு சீக்கிரம் சந்திக்க வைக்கும் என்று பார்த்தேன். பொதுத்தேர்வு அறையில் நடப்பது அதுதானே. அந்தச் சந்திப்பு மார்ச் மாதம்தான் முதன்முதலாக நடக்கும் என்றால், அதுவரை எத்தனை நோட்டு நிரம்பினாலும் பயம் அப்படியே இருக்கும்.

முதலில் அவன் மனதுக்குள் வைத்திருந்த வழி. கடைசிப் பத்து நாளில் உட்கார்ந்து முடித்துவிடலாம் என்பது. "பயம் வந்தாத்தானுங்க எனக்குப் படிப்பே ஏறுது" என்றான். பொய்யில்லை. நெருக்கடி வந்தால் உடம்பு முறுக்கேறும், கவனம் கூடும், ஒரு யூனிட் டெஸ்டுக்கு அது போதும். பத்தாவதில் அப்படித்தான் 88 வாங்கியிருக்கிறான். ஆனால் +2 கணக்கு 12 பாடம், இரண்டு தொகுதி. இங்கே அவனுக்குப் புரிகிற மாதிரி ஒன்று சொன்னேன். கீழ்பவானி வாய்க்காலில் புஞ்சைக்கு முறை வைத்துத்தான் தண்ணீர் விடுகிறார்கள். சில நாள் ஓடும், சில நாள் நிற்கும். எல்லா முறைத் தண்ணீரையும் சேர்த்து ஒரே ராத்திரியில் கடலைக் காட்டுக்குள் திருப்பினால் என்ன ஆகும்? "அழுகிப் போயிருமுங்க." அவ்வளவுதான். நிலம் குடிக்க இடைவெளி வேண்டும், மனதுக்கும் வேண்டும். ராத்திரி விழித்துப் படிப்பவன் தூக்கத்தையும் இழக்கிறான். படித்ததை மூளை உறுதிப்படுத்திக்கொள்வதில் பெரிய பங்கு தூக்கத்துக்கு உண்டு.

இதில் நம் ஊருக்கென்று இன்னொரு சிக்கல் இருக்கிறது. தேர்வு வருகிற மார்ச் மாதம்தான் மாசியும் பங்குனியும். கோவையில் கோனியம்மன் தேர், ஈரோட்டில் பெரிய மாரியம்மன், பண்ணாரியில் குண்டம், அது போக ஊருக்கு ஊர் பூச்சாட்டு. வீட்டில் ஒறம்பரை, அதாவது உறவுக்காரர்கள், நிறைந்திருப்பார்கள். மஞ்சள் வெட்டி, வேகவைத்து, களத்தில் காயப்போடுகிற வேலையும் அதே காலத்தில் ஓடும். கடைசிப் பத்து நாள் நமக்குத்தான் என்று நம்பி உட்காருகிற பிள்ளைக்கு அந்தப் பத்து நாள் முழுதாகக் கிடைக்கவே கிடைக்காது.

இப்போது டியூஷன். அண்ணனின் விருப்பம் அது. அண்ணன் மனைவி நங்கையாவும் அதைத்தான் சொன்னார். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் நம் பக்கத்தில் மார்க் குறைந்தால் எந்த வீட்டிலும் முதலில் வருகிற பேச்சு இதுதான். பணம் கட்டியாகிவிட்டது, பிள்ளையை வண்டியில் கொண்டுபோய் விட்டாகிவிட்டது, நம் கடமை முடிந்தது என்று பெற்றவர்களுக்கு ஒரு நிம்மதி. பிள்ளைக்கும் அதே நிம்மதி. ஆபத்து அங்கேதான். பையன் பள்ளி முடிந்து பஸ் பிடித்து வர ஐந்தரை ஆகிறது. ஆறு முதல் எட்டு வரை டியூஷன் என்றால், வீடு வந்து சாப்பிட்டுப் படுக்க மணி ஒன்பதரை. அந்த இரண்டு மணி நேரம் ஆசிரியர் பலகையில் கணக்குப் போடுவார், இவன் பார்த்து எழுதுவான். எழுதும்போது எல்லாம் புரிகிறது போலவே இருக்கும். ஆறாவதாக ஒரு நோட்டு நிரம்பும். அவனாக ஒரு கணக்கைத் தொட்டுப் பார்க்க நேரமும் இல்லை, தேவையும் தோன்றாது. "அதுதான் டியூஷன் போயிட்டு வந்துட்டனே" என்று மனது சொல்லிவிடும். தள்ளிப்போடுகிற பிள்ளைக்கு இதைவிட மரியாதையான ஒளிவிடம் வேறு கிடையாது.

இதற்காக டியூஷனே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. சோமனூர், பல்லடம், பள்ளிபாளையம் பக்கம் போனால் வீட்டுக்குள்ளேயே தறி ஓடுகிற குடும்பங்கள் உண்டு. அந்தச் சத்தத்தில் ஒரு பிள்ளை உட்கார்ந்து யோசிக்க முடியாது. அந்தப் பிள்ளைக்கு டியூஷன் என்பது முதலில் ஓர் அமைதியான இடம். பெற்றோர் இருவரும் பனியன் கம்பெனியில் ஷிப்ட் முடிந்து ராத்திரி திரும்புகிற வீட்டிலும் அப்படித்தான். அடிப்படையே புரியாத பிள்ளைக்கும் டியூஷன் தேவை. அதைக் கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று வைத்திருக்கிறேன். புத்தகத்தில் தீர்த்துக் காட்டிய ஒரு எடுத்துக்காட்டை எடுத்து, ஒரே ஒரு முறை பொறுமையாக விளக்கிவிட்டு, அதே வகையில் எண்ணை மட்டும் மாற்றிக் கொடுங்கள். செய்துவிட்டால் புரிதலில் கோளாறு இல்லை. செய்ய முடியாமல் ஒவ்வொரு வரியிலும் நின்றால் யாராவது உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தே ஆக வேண்டும். இவனுக்குக் கலப்பு எண்ணில் மட்டு மதிப்பு கண்டுபிடிக்கிற கணக்கு ஒன்றைக் கொடுத்தேன். கை நடுங்க ஆரம்பித்தான், ஆனால் ஏழு நிமிடத்தில் சரியாக முடித்தான். புரிகிறது, தொடத்தான் பயம்.

டியூஷன்தான் என்று முடிவெடுக்கிறவர்கள் சேர்க்கப் போகும்போது இரண்டே கேள்வி கேளுங்கள். வாரம் ஒரு முறை டெஸ்ட் வைப்பீர்களா, திருத்திய தாளைத் தப்பு எது என்று குறித்துக் கையில் கொடுப்பீர்களா. இரண்டுக்கும் ஆம் என்றால் சேர்க்கலாம். "நூத்துக்கு நூறு எடுக்க வெச்சிருவோமுங்க" என்று மட்டும் சொன்னால் யோசியுங்கள்.

நடுவருடத்தில் நாமக்கல், ராசிபுரம் பக்கம் விடுதிப் பள்ளிக்கு மாற்றிவிடலாமா என்று ஒறம்பரையில் ஒருவர் கேட்டார். டிசம்பரில் அது நடக்கிற காரியம் இல்லை. நடந்தாலும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பயந்த பிள்ளையை வீட்டை விட்டும் பிரிப்பது எந்த வகையில் உதவும்?

செல்போனில் பாடம் பார்ப்பது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நல்ல ஆசிரியர்கள் தமிழிலேயே அருமையாக நடத்துகிறார்கள். 2019இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியின் பாடங்களும் உண்டு. சந்தேகம் வந்த ஒரு கணக்குக்காகத் தேடிப் பார்த்தால் பலன் இருக்கிறது. சந்தேகமே இன்னும் வராத பிள்ளை பார்த்தால் அது டியூஷன் கதைதான், கூடவே அடுத்த வீடியோவும் வரும்.

சேர்ந்து படிப்பது அவன் கேட்ட வழி. ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி இன்னொரு தோட்டத்தில் கூடப் படிக்கிற பையன் இருக்கிறான். இதில் எனக்குப் பிடித்த ஒன்று உண்டு. தனக்குக் கொடுத்த வாக்கை எத்தனை முறை வேண்டுமானாலும் மீறுகிற பிள்ளை, நண்பன் காத்துக்கொண்டிருப்பான் என்றால் சைக்கிளை எடுத்துவிடுகிறான். தொடங்குவதுதான் பெரிய தடை என்கிற பிள்ளைக்கு இது சின்ன உதவி இல்லை. ஆனால் நான்கு பேர் ஐந்து பேர் கூடினால் படிப்பு நடக்காது. அரட்டையைக்கூட விட்டுவிடலாம். ஒருவரோடொருவர் ஒப்பிட்டுக்கொள்வதுதான் கெடுதல். "அவன் ரெண்டாவது ரிவிஷனே முடிச்சுட்டானாமா" என்கிற ஒரு வாக்கியம் ஒரு வாரப் படிப்பைக் கலைத்துவிடும். என் வகுப்பில் நன்றாகப் படிக்கிற பிள்ளைகளே அப்படிக் கலங்கி அழுது பார்த்திருக்கிறேன். இரண்டு பேர் போதும். வந்ததும் முதல் அரை மணி நேரம் பேச்சே இல்லாமல் ஆளுக்கொரு கணக்கு, அப்புறம் தாளை மாற்றிக்கொண்டு திருத்துவது, அதற்கப்புறம் எவ்வளவு வேண்டுமானாலும் பேசட்டும்.

இந்த வழி பெண் பிள்ளைகளுக்கு அவ்வளவு எளிதாகக் கிடைப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பொழுது சாய்ந்தபின் தோட்டத்துத் தடத்தில் தனியாக அனுப்ப மாட்டார்கள். அந்த வீடுகளில் தோழியை நம் வீட்டுக்கு வரச்சொல்லி, திரும்ப நாமே கொண்டுபோய் விடலாம். என் மகளுக்கு இரண்டு வருடம் அப்படித்தான் செய்தோம்.

துணைத்தேர்வு பற்றியும் அவன் தயங்கித் தயங்கிக் கேட்டான். "இப்ப எழுதாம ஜூன்ல எழுதிக்கலாமாங்க?" மார்ச்சில் தேர்ச்சி பெறாதவர்களும் எழுதாமல் விட்டவர்களும் ரிசல்ட் வந்த சில வாரங்களிலேயே துணைத்தேர்வு எழுதலாம், அதே வருடம் கல்லூரிக்கும் போகலாம். இது ஒரு வலை. கீழே கட்டியிருக்கிறது என்று தெரிந்தால் கால் நடுங்காது. ஆனால் வலையில் விழுவதையே திட்டமாக வைத்தால், மூன்று மாதப் பயம் ஆறு மாதப் பயமாகும், வேறொன்றும் மாறாது. பொறியியல் போக நினைக்கிறவனுக்கு 200 கட்-ஆஃபில் 100 கணக்கிலிருந்துதான் வருகிறது, மற்ற 100 இயற்பியலும் வேதியியலும் பாதிப் பாதி. துணைத்தேர்வு எழுதி வருகிறவர்கள் முக்கியக் கலந்தாய்வு முடிந்து மிச்சமிருக்கும் இடங்களில்தான் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும்.

அப்படி ஒரு தேர்வு இருப்பதையே பையனிடம் சொல்லாதே, தைரியம் வந்து படிக்காமல் விட்டுவிடுவான் என்றார் அண்ணன். இதில் அவரோடு எனக்கு நேரடியாகவே சண்டை. நம் பக்கத்தில் எல்லா வீட்டிலும் ஒரே மிரட்டல்தான்: "ஃபெயிலானா பனியன் கம்பெனிதான்." திருப்பூரில் அந்த வேலை செய்துதான் எத்தனையோ குடும்பங்கள் பிள்ளைகளைப் படிக்க வைக்கின்றன. அந்த உழைப்பையும் கேவலமாக்கி, எதிரில் நிற்கிற பிள்ளையையும் நடுங்க வைக்கிற பேச்சு அது. கொஞ்சம் பயம் வேலை செய்ய வைக்கும், அதிகப் பயம் உறைய வைக்கும். இவன் உறைந்து போயிருக்கிறான். இவனுக்கு இன்னும் பயம் காட்டினால் ஆறாவது முறையாக அணிகளைத்தான் எழுதுவான். வலை இருப்பதை அன்றைக்கே சொன்னேன். முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஓடியது.

கடைசியாக நான் சொன்ன வழி. வீட்டிலேயே, பழைய வினாத்தாளை வைத்து. பாடத்தை முடித்துவிட்டு வினாத்தாளுக்குப் போகலாம் என்பதுதான் வழக்கம். நான் அதைத் திருப்பிப் போடச் சொல்கிறேன். முதலில் கேள்வி, முடியாவிட்டால் அப்புறம் புத்தகம்.

இதற்கு ஒரு நல்ல ஆதாரம் உண்டு. 2006இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகர வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இருவர் மாணவர்களுக்கு ஒரு உரைநடைப் பகுதியைக் கொடுத்தார்கள். ஒரு பிரிவினர் அதைத் திரும்பப் படித்தார்கள். இன்னொரு பிரிவினர் ஒரு முறை படித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்கள்தான் முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது எழுதிப் பார்த்தவர்கள் தெளிவாக முந்திவிட்டார்கள். அது உரைநடை, கணக்கு இல்லைதான். ஆனால் திரும்பப் படிக்கும்போது வருகிற அந்த 'எல்லாம் தெரியும்' என்கிற உணர்வு நம்மை ஏமாற்றுகிறது என்பது எந்தப் பாடத்துக்கும் பொருந்தும். அந்த ஐந்து நோட்டும் அதற்குச் சாட்சி.

எழுதும் தாள் எப்படி இருக்கும் என்று முதலில் அவனை உட்கார வைத்துக் காட்டினேன். 90 மதிப்பெண்ணில் 20 ஒரு மதிப்பெண் கேள்வி. அவற்றில் பெரும்பகுதி புத்தகப் பயிற்சியில் இருப்பவையே. பத்து இரண்டு மதிப்பெண்ணில் ஏழு எழுதினால் போதும், பத்து மூன்று மதிப்பெண்ணிலும் ஏழு, இரண்டிலும் கடைசிக் கேள்வி கட்டாயம். அப்புறம் ஏழு ஐந்து மதிப்பெண், ஒவ்வொன்றிலும் 'அல்லது' உண்டு. மூன்று மணி நேரம் என்றால் 180 நிமிடம். ஒரு மதிப்பெண்ணுக்கு ஒரு நிமிடம், இரண்டுக்கு நான்கு, மூன்றுக்கு ஏழு, ஐந்துக்குப் பதினொன்று என்று வைத்தால் 174 நிமிடத்தில் முடியும். அவனே கூட்டிப் பார்த்தான். அதுவரை கடல் மாதிரி இருந்த ஒன்று பாத்தி பாத்தியாகத் தெரிந்தது என்று நினைக்கிறேன். "இவ்வளவுதானுங்களா?" என்றான்.

அடுத்தது, எங்கே தொடங்குவது. முதல் பாடத்தில் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னேன். முதலிலிருந்து தொடங்குகிற பழக்கம்தான் அவனை ஐந்து முறையும் அதே இடத்துக்குக் கொண்டுபோய் விட்டது. பன்னிரண்டாவது பாடம் தனிநிலைக் கணிதம். சின்னப் பாடம், மெய் அட்டவணை போடத் தெரிந்தால் பாதி வந்துவிடும், முன்பாடங்களை அவ்வளவாகச் சார்ந்ததும் இல்லை. அங்கே தொடங்கச் சொன்னேன். அதை முடித்ததும் நிகழ்தகவு பரவல்கள், அப்புறம்தான் கலப்பு எண்கள். இரண்டு பாடத்தில் கேள்வியைச் சந்தித்துப் பழகியபின் அந்த வயிற்றுக் கலக்கத்தோடு உட்கார்ந்தால் தாங்கிக்கொள்வான் என்பது என் கணக்கு.

காலை ஐந்தே காலுக்கு, பால் வேலைக்கு முன்னால், ஒரே ஒரு ஐந்து மதிப்பெண் கணக்கு. புத்தகம் மூடியிருக்க வேண்டும். இருபத்தைந்து நிமிடம் ஆனதும் முடிந்தாலும் முடியாவிட்டாலும் எழுந்துவிடலாம். உட்கார்வது மட்டும்தான் அவன் வேலை, சரியாக வருவது அவன் வேலை இல்லை என்று சொல்லியிருக்கிறேன். சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கிய பின் ஒரு பாடத்தின் ஒரு மதிப்பெண் கேள்விகள், இருபது நிமிடம். போன் அந்நேரம் அப்பத்தாவின் வெற்றிலைப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும். கேட்டாலும் அவர் கொடுக்க மாட்டார். ஞாயிறு பத்தே காலுக்கு நண்பன் வீட்டில் இருவரும் ஒரு முழுத் தாள். அதே நேரம், ஏனென்றால் பொதுத்தேர்வில் பத்து மணிக்கு வினாத்தாள் கொடுத்து, படிக்கப் பத்து நிமிடமும் விவரங்களைச் சரிபார்க்க ஐந்து நிமிடமும் போக, பத்தே காலுக்குத்தான் எழுதத் தொடங்குவார்கள். உடம்புக்கு அந்த நேரம் பழக வேண்டும். எழுதிய தாளைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்ப வேண்டும். வெறும் தாளாக இருந்தாலும் அனுப்ப வேண்டும்.

இந்த வழியில் குறையும் இருக்கிறது, மறைக்கக் கூடாது. திருத்திச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். எல்லா வீட்டிலும் கணக்கு எடுக்கிற அத்தை இருக்க மாட்டாள். ஆனால் பெரும்பாலான பள்ளிகளில் ஆசிரியரிடம் "இந்த ஒரு கணக்கை மட்டும் பாருங்க டீச்சர்" என்று தாளை நீட்டினால் மறுக்க மாட்டோம். "எனக்கு எதுவுமே தெரியலீங்க" என்று வருகிற பிள்ளைக்கு எங்கே தொடங்குவது என்று எங்களுக்கே தெரியாது. ஒரு கணக்கோடு வருகிற பிள்ளைக்கு ஐந்து நிமிடம் போதும். இன்னொரு குறை, முதல் இரண்டு வாரம் மதிப்பெண் மிகக் கேவலமாக வரும். அதைப் பார்த்துத் திட்டுகிற வீட்டில் இந்த வழி நடக்காது. அண்ணனிடம் ஒரே ஒரு வாக்குத்தான் கேட்டேன், பொங்கல் வரைக்கும் மார்க் என்ன என்று கேட்கக் கூடாது. கஷ்டப்பட்டுத்தான் ஒத்துக்கொண்டார்.

முதல் ஞாயிறு நடக்கவில்லை. நாற்பது நிமிடத்தில் எழுந்துவிட்டானாம். நண்பன் எழுதிக்கொண்டே இருந்திருக்கிறான், இவன் வெளியே போய் உட்கார்ந்துவிட்டான். நான் அவசரப்பட்டுவிட்டேன் என்று புரிந்தது. அடுத்த வாரம் தாளை மூன்றாக உடைத்தேன். ஒரு ஞாயிறு ஒரு மதிப்பெண்ணும் இரண்டு மதிப்பெண்ணும், அடுத்த ஞாயிறு மூன்று மதிப்பெண், அதற்கடுத்தது ஐந்து. முழுத் தாள் பொங்கலுக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

பரீட்சை அறையில் நெஞ்சு படபடப்பதற்கும் ஒன்று சொல்லிக்கொடுத்தேன். 2011இல் ஜெரார்டோ ராமிரெஸ், சியன் பெய்லாக் என்ற ஆய்வாளர்கள், தேர்வுக்குச் சற்று முன்னால் மாணவர்களைத் தங்கள் பயத்தைப் பத்து நிமிடம் தாளில் எழுதச் சொன்னார்கள். அதிகமாகப் பயப்படுகிற பிள்ளைகள்தான் அதனால் அதிகம் பயனடைந்தார்கள். பயத்தை அடக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிற மனதில் கணக்குப் போட இடம் குறைந்துவிடுகிறது, இறக்கி வைத்தால் இடம் கிடைக்கிறது. ஞாயிறு தாளுக்கு முன்னால் இதைச் செய்து பார்க்கச் சொல்லியிருக்கிறேன். என்ன எழுதினான் என்று நான் கேட்பதில்லை, யாரும் கேட்கக் கூடாது.

ஒரு விஷயத்தை மட்டும் இந்த ஒப்பீட்டுக்கு வெளியே வைக்கிறேன். பிள்ளை ராத்திரியெல்லாம் தூங்காமல் இருந்தால், சாப்பிட்டது நிற்காமல் வாந்தி எடுத்தால், இருந்து என்ன பயன் என்கிற மாதிரி ஒரு வார்த்தை வாயில் வந்தால், அப்போது டியூஷனும் வேண்டாம், வினாத்தாளும் வேண்டாம். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்கு எந்நேரமும் பேசலாம், தமிழில் பேசுவார்கள், காசு கிடையாது. பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண் 14417ம் இருக்கிறது. பிள்ளையைப் பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள்.

அண்ணன் வீட்டில் எடுத்த முடிவு இப்படி: டியூஷன் இல்லை, காலையும் மாலையும் வீட்டில், ஞாயிறு நண்பனோடு. முதல் திருப்புதல் தேர்வில் எழுதாமல் வெறுமையாக விடுகிற பக்கங்கள் குறைந்தால் இப்படியே போவது, குறையாவிட்டால் வாரத்துக்கு இரண்டு நாள் டெஸ்ட் வைக்கிற டியூஷனைத் தேடுவது. அண்ணனுக்கு இதில் இன்னும் அரை மனதுதான். நங்கையாவுக்குத்தான் நம்பிக்கை வந்திருக்கிறது. ஐந்தே காலுக்கு விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் காபி வைத்துவிட்டுப் போகிறாராம்.

நேற்றுப் பொழுதோட அவன் போன் செய்தான். எடுத்ததும் "அத்தை, கலப்பு எண்ணுல டி மாய்வர் தேற்றத்துல ஒரு அஞ்சு மார்க் வர மாட்டேங்குதுங்க. வீச்சு கண்டுபிடிச்சுட்டேன், அதுக்கடுத்த வரியில நிக்குதுங்க" என்றான். எத்தனையாவது கணக்கு என்று கேட்டேன். பயிற்சி எண்ணும் கணக்கு எண்ணும் சொன்னான். நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.